ஜன்னலும் ஜனவரியும் சொந்தக்காரங்க

ஜன்னல்ங்கற சொல்லு போர்த்துகீசிய ஜனெலாவில இருந்து வந்ததுன்னு நிறைய பேருக்கு தெரியும், 1498ல கோழிக்கோட்டுல வந்து இறங்குனவங்க போற இடமெல்லாம் விட்டுட்டுப் போன சொல்லு அது, சிங்களத்துல ஜனேலய, மலாய்ல ஜெண்டெலா, மலையாளத்துல ஜனல். ஆனா ஜனெலா எங்க இருந்து வந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

லத்தீன்ல ஜன்னலுக்குப் பேரு ஃபெனெஸ்ட்ரா. இத்தாலியன்லயும் கத்தலான்லயும் அது ஃபினெஸ்ட்ரா, பிரெஞ்சுல ஃபெனெத்ர் (நடுவுல இருந்த 'ஸ்' உதிர்ந்துபோச்சு, அதுக்கு அடையாளமா எழுத்து மேல ஒரு குட்டி கூரை போட்டு எழுதுவாங்க), ருமேனியன்லயும் அதே வேர்தான். போர்த்துகீசியம் வேற வழில போச்சு. லத்தீன்ல யானுவான்னா கதவு, அதோட செல்லச் சுருக்கத்துல இருந்து, அதாவது குட்டிக்கதவுங்கற அர்த்தத்துல வந்ததுதான் ஜனெலா. வாசலுக்கு ரோமானியர் வச்சிருந்த சாமி யானுஸ், அவர் பேர்ல வந்த மாசம் ஜனவரி, அப்போ ஜன்னலும் ஜனவரியும் ஒரே குடும்பம்! பழைய ஃபெனெஸ்ட்ராவும் அங்க சாகல, ஃப்ரெஸ்டான்னு சுருங்கி இப்போ இடுக்கு, விரிசல்னு அர்த்தம் தருது.

ஸ்பானிஷ் இன்னொரு வழி. வென்டுஸ்னா லத்தீன்ல காத்து, அதுல இருந்து வென்தானா, காத்து வர்ற இடம்.

இதைப் படிச்சதும் எனக்கு நம்ம காலதர்தான் ஞாபகம் வந்துச்சு. கால்னா காத்து, அதர்னா வழி. சிலப்பதிகாரத்துல புகார் மாளிகைகளைச் சொல்லும்போது "மான்கண் காலதர்"னு வருது, மானோட கண்ணு மாதிரி துளை போட்ட ஜன்னல். அதே காப்பியத்துல தென்றல் "கோலச் சாளரக் குறுங்கண்" வழியா நுழையுது, ஆக சாளரமும் பழசுதான், ஆனா அது வலைன்னு அர்த்தம் தர்ற ஜாலம்ங்கற வடசொல்லோட தொடர்புடையதுன்னு சொல்றவங்க உண்டு. பலகணி பல கண் வச்சது, சின்னச்சின்ன துளையா இருக்கற ஜன்னலுக்கு சரியா பொருந்தும்.

ஜன்னலை விரட்டணும்னு நான் சொல்லல, அது நம்ம வீட்டுச் சொல்லாவே ஆயிடுச்சு. சாளரத்தை கம்ப்யூட்டர்காரங்க திரையில திறக்கற பெட்டிக்கு எடுத்துக்கிட்டாங்க, அதுவும் நல்லதுதான். காலதர் மட்டும் சும்மா கிடக்குது. கதவுக்கு மேல காத்துக்காக விடுற சின்ன திறப்பை வென்டிலேட்டர்ங்கறோமே, அதுவும் அதே வென்டுஸ்ல இருந்து வந்ததுதான், அதுக்கு காலதர்னு தாராளமா சொல்லலாம்.