செம்புக் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர்

வீடு கட்டும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் டிஎம்டி கம்பி, உருட்டாலைக்குள் நுழையும்வரை பில்லெட் எனப்படும் சதுரத் தண்டாக இருந்தது. அந்தத் தண்டை வார்க்கும் மோல்டு ஒரு செம்புக் குழாய். இரு முனையும் திறந்தே இருக்கும். நீளம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். மேலிருந்து சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகிய எஃகு விழுகிறது. செம்போ 1,085 டிகிரியிலேயே உருகும் உலோகம். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வேகமாக ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே போவதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. கீழ்வாய் வழியாக எஃகு வெளியே வரும்போது சுமார் பத்து மில்லிமீட்டர் தடிமனுக்குத் தோல் கட்டியிருக்கும். உள்ளே இன்னும் திரவம்தான்.

இந்தக் குழாய் மேலே அகலமாகவும் கீழே சற்றுக் குறுகலாகவும் இருக்கும். இதுதான் டேப்பர். மணல் வார்ப்பிலும் டேப்பர் உண்டு, ஆனால் அங்கே மண் உடையாமல் மாதிரியை உருவி எடுப்பதற்காக வைப்பார்கள். இங்கே காரணம் நேர் எதிர்: எஃகு சுவரைவிட்டு விலகிவிடக் கூடாது.

விலகத்தான் பார்க்கும். தோலின் வெளிப்பரப்பு 1,500 டிகிரியிலிருந்து 1,000 டிகிரிக்கு இறங்கினால், எஃகு ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். 130 மில்லிமீட்டர் பில்லெட்டுக்கு அது 1.3 மில்லிமீட்டர். சுவர் கூடவே சாய்ந்து வராவிட்டால் நடுவில் ஓர் இடைவெளி விழும். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதிலும் குறைவான இடைவெளியே அந்த இடத்தில் கடத்தப்படும் சூட்டைப் பாதி அளவுக்கும் கீழே தள்ளிவிடும். முகங்களின் நடுப்பகுதியை உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் ஓரளவு சுவரோடு தள்ளி வைக்கும். மூலைகளுக்கு அந்த உதவி கிடைக்காது. இரு பக்கமும் சுருங்குவதால் அங்கேதான் முதலில் இடைவெளி விழும், தோல் மெலியும். மெலிந்த தோல் குழாய்க்கு வெளியே கிழிந்தால் உருகிய எஃகு இயந்திரத்தின்மேல் கொட்டும். ஆலையில் இதைப் பிரேக் அவுட் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் அன்றைக்கு வேலை நடக்காது.

டேப்பரை அதிகமாக வைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. தோல் சுவரில் உரசும். மோல்டை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பதும், சுவரில் எண்ணெய் விடுவதும் இந்த உரசலைக் குறைக்கத்தான். அளவு மீறினால் இவை போதாது. கீழ்ப்பகுதியின் குரோம் பூச்சு தேய்ந்துபோகும், தோலும் கிழியும்.

சரி, அளப்பது எப்படி? அதே 130 மில்லிமீட்டர் பில்லெட்டின் 0.8 மீட்டர் நீளக் குழாய்க்கு மீட்டருக்கு 1 விழுக்காடு டேப்பர், அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அகலம் 1 விழுக்காடு குறையும் என்றால், மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் உள்ள அகல வித்தியாசம் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு சுவரின் பங்கு அரை மில்லிமீட்டர், அதாவது ஐந்து காகிதத் தாளின் தடிமன். இரண்டு முனையிலும் அளந்து கழித்துப் பார்க்கலாம்தான். என் கருத்தில் அது ஆளை ஏமாற்றும் அளவை. எஃகு சீராகச் சுருங்குவதில்லை. முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் சுருங்கும். அதனால் இன்றைய குழாய்களில் மேற்பகுதியில் மீட்டருக்கு 2, 3 விழுக்காடும் கீழே 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவும் வளைவாக டேப்பர் வைக்கிறார்கள். எஃகு மட்டத்தை ஒட்டிய பகுதி சூட்டில் பிதுங்கியிருந்தாலும் இரு முனை எண்கள் ஒழுங்காகவே இருக்கும்.

அதனால் குழாய்க்குள் ஒரு கருவியை இறக்குகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களைப் பார்க்கும் இரண்டு உணரிகள் அதில் இருக்கும். சில வகைகளில் ஊசிமுனை சுவரைத் தொட்டு நகரும். வேறு சிலவற்றில் ஒரு சுருளின் மாறும் காந்தப்புலம் செம்பில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்விளைவிலிருந்து தூரம் தெரியும். கருவி மேலிருந்து கீழே போகும்போது ஒவ்வொரு ஆழத்திலும் அகலம் பதிவாகும். இரு சுவருக்கும் இடையே மட்டும் அளப்பதால், குழாய் வில்லாக வளைந்திருந்தாலும் கவலையில்லை. வரைகோட்டை வடிவமைப்புக் கோட்டின்மேல் வைத்தால் பிதுக்கம் எங்கே, தேய்மானம் எங்கே என்று தெரிந்துவிடும்.

தகடு உருட்டப் பயன்படும் அகலமான, தட்டையான எஃகுப் பாளமான ஸ்லாபுக்கு வழி வேறு. அந்த மோல்டு நான்கு தனிச் சுவர்களால் ஆனது. குறுகிய இரண்டையும் நகர்த்திச் சாய்க்கலாம். 1,200 மில்லிமீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம், மீட்டருக்கு 1 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு குறுகிய சுவரும் 5.4 மில்லிமீட்டர் சாய வேண்டும், அதாவது சுமார் 0.34 டிகிரி. இதைப் புவியீர்ப்பை ஆதாரமாகக் கொண்ட சாய்வுமானியால் அளக்கிறார்கள். 0.02 டிகிரி பிழை வந்தால் 0.3 மில்லிமீட்டர் தவறும். ஆகவே, கொத்தனார் ரசமட்டத்தைத் திருப்பி வைத்துச் சோதிப்பதுபோல ஒரே பரப்பில் கருவியை 180 டிகிரி திருப்பி இருமுறை படிக்க வேண்டும். கருவியின் சொந்தக் கோணல் தெரிந்துவிடும். மோல்டு நிற்கும் மேசையே சாய்ந்திருந்தால்? ஒரு சுவர் கூடுதலாகக் காட்டும், எதிர்ச்சுவர் அதே அளவு குறைத்துக் காட்டும். இரண்டையும் கூட்டினால் மேசைப் பிழை அடிபட்டுப் போகும். கழித்தால் மேசையின் சாய்வே வெளிவரும். இவ்வளவு மலிவாக இரண்டு தகவல் கிடைக்கும்போது ஒரு சுவரை மட்டும் அளந்துவிட்டு நகர்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு சிக்கல், இந்த அளவுகள் எல்லாமே மோல்டு ஆறியிருக்கும்போது எடுப்பவை. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 17 மைக்ரோமீட்டர் விரியும். வார்க்கும்போது மேற்பகுதிச் சுவர் சராசரியாக 150 டிகிரி சூடேறினால், 130 மில்லிமீட்டர் அகலம் 0.33 மில்லிமீட்டர் கூடும். கீழே சூடு குறைவு, விரிவும் குறைவு. ஆக வேலை செய்யும் டேப்பர், காகிதத்தில் பதிவானதைவிடச் சற்று அதிகம். வடிவமைப்பாளர்கள் இதைக் கழித்தே குழாயை வரைகிறார்கள். அப்புறம் வார்க்கும் வேகத்தைக் கூட்டினால் தோல் அதிகச் சூட்டோடு இறங்கும், குறைவாகச் சுருங்கும். அதே குழாயில் உரசல் கூடும். கரிமம் 0.12 விழுக்காட்டை ஒட்டிய எஃகு வந்தாலோ, திண்மமான உடனேயே அதன் படிக அமைப்பு மாறிக் கூடுதலாகச் சுருங்கும். அதற்கு டேப்பர் போதாமல் போகும்.