அந்தக் காய்ந்த புல்லை இப்போது வெட்ட வேண்டாம்

நிலப் பராமரிப்பு என் தொழில். கோடை வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறதே, வெட்டி எரித்துவிடலாமா?" வேண்டாம் என்பேன். காட்டுப்புற்களில் பல ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. மேலே தாள் காய்ந்தாலும் தூரும் வேரும் உயிரோடுதான் இருக்கும். மழை விழுந்ததும் துளிர்த்துவிடும்.

ஒரு தூரைக் குனிந்து விலக்கிப் பாருங்கள். வெளியே தரை கொதிக்கும்போதும் உள்ளே நிழல் இருக்கும். சிலந்தி, வண்டு, தவளை எல்லாம் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்குகின்றன. பச்சை மிச்சமிருக்கும் இலைகளையும் கவனியுங்கள். இரண்டு ஓரங்களையும் பட்டு இழையால் இழுத்துச் சேர்த்துக் குழலாக்கியிருந்தால், உள்ளே ஒரு புழு இருக்கக்கூடும். விருட்டென்று துள்ளிப் பறக்கும் சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றின் புழுக்கள் இப்படித்தான் வளர்கின்றன. புல்பூவில் தேன் இல்லைதான்; காற்றே மகரந்தத்தைச் சுமந்துவிடுகிறது. ஆனால் புழு தின்ன இலை வேண்டுமே! தேன் செடிகளை மட்டும் வரிசையாக நட்டுவிட்டு, பக்கத்தில் புல்லை மழித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் விதை. சில்லைகள் என்னும் சின்னக் குருவிகள் வளையும் கதிரிலேயே தொற்றிக்கொண்டு மணிகளை உருவித் தின்னும். உதிர்ந்ததை எறும்பும் எலியும் பொறுக்கும். விதை தின்னும் பறவைகள்கூடப் பல, குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டுகின்றன. தாய்க்கு விதையும் குஞ்சுக்கு வெட்டுக்கிளியும் ஒரே புல்வெளியில் கிடைக்கிறது. தூக்கணாங்குருவி கூடு முடைய நாரும் நீளமான புல்லிலிருந்து கிடைக்கிறது.

எனக்குப் பெரிய கவலை தரைக்கூடுகள். வானம்பாடியும் காடையும் புல்லடியில்தான் முட்டையிடும். காலடி வரை போனாலும் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் ஓட்டுபவருக்கு எங்கே தெரியப்போகிறது?

சரி, வெட்டியே ஆக வேண்டுமென்றால்? வீட்டை ஒட்டிய பகுதியைத் தீப்பயத்துக்காக வெட்டுங்கள், அது நியாயம். மற்ற இடத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல், ஒரு பகுதியை இந்த ஆண்டு, இன்னொன்றை அடுத்த ஆண்டு என்று மாற்றி மாற்றி வெட்டலாம். குஞ்சுகள் பறந்து, விதை உதிர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போனால் உயிர்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். கத்தியை உயர்த்தி வைத்து, அடித்தூரை விட்டுவிடுங்கள். வேற்று நிலத்துப் புல் ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிப் பரவினால் அதை மட்டும் வேரோடு எடுக்கலாம். தீ மட்டும் வைக்காதீர்கள். பறவை பறந்துவிடும், முட்டையும் புழுவும் எங்கே போகும்?