நட்டஈடு கேட்டால் பொய் வழக்கா?

போன வாரமும் ஒரு தாய், பிள்ளையின் பாலியல் வல்லுறவு வழக்குக்காக வந்தவர். கொழும்பு, புதுக்கடை நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, "நட்டஈடு எண்டு ஒண்டும் எழுதாதீங்க மிஸ், காசுக்காகப் பிள்ளையை வச்சுக் கேஸ் நடத்துறோமெண்டு சனம் கதைக்கும்" என்றார். கையில் ஒரு கசங்கிய கவர். அதற்குள் மருந்துத் துண்டுகள், முச்சக்கரவண்டிக் காசு குறித்த கொப்பித்தாள். தவணைக்கு வந்து இழந்த நாட்கூலியை அவர் எழுதவே இல்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தச் "சனம்" யார்? பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். பஸ் மோதிக் கால் முறிந்தவர் காப்புறுதிப் பணம் எடுத்தால், காலை விற்றுவிட்டான் என்று யாராவது சொல்கிறோமா?

பாலியல் வல்லுறவுக் குற்றவாளிக்குச் சிறையோடு சேர்த்து, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டளையிட வேண்டும் என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவு. 1995 திருத்தத்தில் வந்தது. சிறைக்குப் பதிலாக அல்ல, சிறையோடு சேர்த்து. இது பேராசை என்றால், பாராளுமன்றத்தின் பேராசை.

"அவன் செய்ததுக்கு அரசாங்கம் ஏன் குடுக்கணும்?" என்பது அடுத்த கேள்வி. தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். வந்தாலும் குற்றவாளியிடம் காசு இருக்காது. பிள்ளைக்குச் சிகிச்சை இன்றைக்கு வேண்டுமே! பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான தேசிய அதிகாரசபையும், அவர்களுக்கு உதவும் அதன் நிதியமும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை; இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. செய்தவர் பொலிஸ்காரரோ வேறு அரச அதிகாரியோ என்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். சொந்தக்காரர் கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் அந்த மாதம் போய்விடுகிறது.

எதிர்த்தரப்பு வீட்டுக்குக் கொண்டுவரும் "சமாதானக் காசு" நட்டஈடு அல்ல. தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கினால் முதல் குறுக்கு விசாரணையிலேயே அது வெளியே வரும். எல்லாத் துண்டையும் எடுத்து வையுங்கள், பஸ் டிக்கெட் உட்பட. அனுதாபம் என்று பிள்ளையின் பெயரையோ படத்தையோ பேஸ்புக்கில் போடாதீர்கள், அதுவும் குற்றம்.

வழி தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழையுங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். அப்புறம், பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள், எவ்வளவு நேரம் உட்கார வைத்தாலும் சரி.