நல்ல பெட்டி மனிதரையும் ஏமாற்றும்

பென்சில்வேனியாவில் ஒரு சின்னப் பட்டறை வைத்து, காட்டு வான்கோழி வேட்டையில் குரல் கொடுக்கிற பாக்ஸ் கால் (box call) செய்கிறேன். இனி பெட்டி என்றே சொல்கிறேன். வால்நட்டிலோ செர்ரியிலோ குடைந்த நீளவாக்குப் பெட்டி, அதன் மேல் ஒரு முனையில் மட்டும் திருகு போட்ட மூடி. மூடியின் அடிப்பக்கம் லேசாக வளைந்திருக்கும். அதில் சுண்ணக்கட்டி தேய்த்து, பக்கப் பலகையின் விளிம்பில் மெல்ல இழுத்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவதுபோலவே சத்தம் வரும், அதை நம்பிச் சேவல் தேடி வரும். அர்கன்சாஸில் ஹென்றி கிப்சன் 1897இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்னும் அதேதான்.

குரல் இருப்பது பக்கப் பலகையில். உள்ளே சுரண்டுவேன், நகத்தால் தட்டிக் கேட்பேன், மறுபடி சுரண்டுவேன். பெட்டையின் குரல் தெளிவாக மேலே தொடங்கி, பாதியில் உடைந்து கரகரவென்று கீழே இறங்கும். அந்த உடையும் இடம் வருகிற வரை ஒரு பெட்டியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஒரு சீவல் கூடப் போய்விட்டால் வெறும் கீச்சுச் சத்தம்தான் மிஞ்சும்.

இவ்வளவு பாடுபட்டு நான் செய்வது, காட்டில் உங்களை ஒரு வான்கோழி என்று நம்பவைக்கிற பொருள். சேவல் மட்டுமா நம்பும்? வசந்தகால வேட்டையில் விடியற்காலை அரை இருட்டில், உச்சி முதல் பாதம் வரை இலைநிற உடையில், மரத்தோடு மரமாக உட்கார்ந்து நீங்கள் பெட்டியை இழுக்கும்போது அதே காட்டில் இன்னொருவர் துப்பாக்கியோடு காது கொடுத்துக்கொண்டிருக்கலாம். பெட்டி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவரும் ஏமாறுவார்.

எனக்கே நடந்தது. பொது வேட்டை நிலத்தில் புதுப் பெட்டி ஒன்றை மூன்றாவது தடவை இழுத்திருப்பேன், பக்கவாட்டில் சுள்ளி முறிந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. வான்கோழி அப்படி நடக்காது, சருகைக் கிளறிக்கொண்டே வரும். கையை அசைக்காமல், தலையையும் திருப்பாமல், அடிவயிற்றிலிருந்து "நில்லுங்க, இங்கே ஆள் இருக்கு" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். முப்பது அடி தள்ளி ஒரு இளைஞன், துப்பாக்கி பாதி உயர்ந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டான். அவன் கை நடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே வசந்தகாலத்தில் வான்கோழியைத் தேடிப் பதுங்கிப் போவது சட்டப்படியே தப்பு, உட்கார்ந்து கூப்பிட்டு வரவழைக்கத்தான் வேண்டும். ஆனால் கிட்டத்தில் குரல் கேட்டதும் கால் தானாக எழுந்துவிடுகிறது.

யாராவது நெருங்குகிறார் என்று தெரிந்தால் கையசைக்காதீர்கள், பெட்டியை இழுத்தும் காட்டாதீர்கள். மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள், வேட்டை கெட்டால் கெடட்டும். ஏன் கையசைக்கக் கூடாது என்றால், சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கும். புதருக்குப் பின்னால் அந்த நிறத்தில் ஏதாவது ஒரு நொடி அசைந்தாலும் ஏற்கெனவே காத்திருக்கிற கண்ணுக்கு அது தலைதான். அதனால் இந்த மூன்று நிறமும் உங்கள் மேல் எங்கேயும் வேண்டாம், கைக்குட்டையிலும் சாக்ஸிலும்கூட. இதே காரணத்துக்காகப் படாக் மரத்தில் மூடி செய்வதை நான் நிறுத்திவிட்டேன். நம் வேங்கையின் ஆப்பிரிக்க உறவு அது, அறுத்த புதிதில் குங்குமம்போல அவ்வளவு அழகு. ஆனால் இழுக்கும்போது அசைவது அந்த மூடிதானே! கேட்டு வந்தவர்களுக்கும் இல்லை என்றே சொல்லிவிட்டேன். மெருகு பளபளக்கிற அளவுக்கு ஏற்றுவதும் கிடையாது.

உட்காரும் மரம் உங்கள் தோளைவிட அகலமாக இருக்கட்டும், முதுகுப் பக்கம் மறையும்.

அப்புறம் பலர் கவனிக்காதது ஒன்று, பெட்டியைச் சும்மா எடுத்துக்கொண்டு நடப்பது. பையில் கிடக்கும் பெட்டி நீங்கள் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் மூடி உரசிக் குரல் கொடுக்கும். ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டேனே என்பார்கள். அது போதாது. ரப்பர் பேண்ட் மாட்டிய பெட்டியை வேகமாகக் குலுக்கித்தான் சேவலின் கொக்கரிப்பையே வரவழைக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு சரிவில் தடதடவென இறங்கினால் நீங்கள் நடமாடும் சேவல். பொது நிலத்தில் அந்தக் குரலை வேண்டுமென்றே எழுப்புவதும் எனக்குச் சம்மதமில்லை, வேட்டைக்காரர்கள் தேடி வருவது அந்தச் சேவலைத்தான்.

மூடியைத் தூக்கி, மடித்த பருத்தித் துணியை விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே வைத்து, அதற்கு மேல் ரப்பர் பேண்டை இறுக்கமாகப் போடுங்கள். குலுக்கிப் பாருங்கள், சத்தமே வரக் கூடாது. துணியில் எண்ணெய்ப் பிசுக்கு வேண்டாம், விளிம்பில் பட்டால் சுண்ணக்கட்டி பிடிக்காது. இப்போது துணியையும் ரப்பர் பேண்டையும் பெட்டியோடு சேர்த்தே தருகிறேன். பெட்டி போட்டு எடுத்துப்போகிற பையை ஆரஞ்சு நிறத்தில்தான் தைக்கச் சொல்லியிருக்கிறேன், நடக்கும்போது வெளியே தெரிகிற மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.