டிஸ்க் வளையவில்லை, ஹப்பைத் தேய்க்கவில்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. குன்னூரில் தன் வீட்டு வாசலிலேயே முன் சக்கர பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றிக்கொண்ட இளைஞர் ஒருவர், மாற்றி இரண்டு மாதம் கழித்து, மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் பெடல் காலை உதைக்கிறது, ஸ்டீயரிங் ஆடுகிறது என்று பட்டறைக்கு வந்தார். "புது டிஸ்க்குங்கண்ணா, அதுவும் வளைஞ்சு போச்சு. மட்டமான சாமானைக் கொடுத்துட்டாங்க" என்றார். பின் இருக்கையில் அடுத்த ஜோடி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது.

வீட்டில் டிஸ்க் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கை பழகியவருக்கு அது அரை நாள் வேலை, அவரும் கை பழகியவர்தான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்பட்டிருந்தன, அதனுள் டிஸ்க்கை உரசி வண்டியை நிறுத்தும் பேட்களும் புதியவை. ஆனால் டிஸ்க்கைக் கழற்றியதும், அதுவும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு பக்குப் பக்காகப் படிந்திருந்தது. நகத்தால் நெம்பியபோது ஒரு பக்கு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு மழைக்காலமும் மூடுபனியும் உள்ள ஊரில், திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு இது இயல்பு.

அதே டிஸ்க்கை மீண்டும் மாட்டி, நட்டுகளை முறுக்கி, நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜை விளிம்பருகே வைத்துச் சுற்றினேன். பக்கவாட்டு ஆட்டம் 0.14 மி.மீ. பிறகு ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு மின்னும்வரை தேய்த்துவிட்டு, அந்த "வளைந்துபோன" டிஸ்க்கையே திரும்ப மாட்டி அளந்தேன். 0.03 வந்தது. பெரும்பாலான கார்களுக்கு 0.05 மி.மீ. அளவில், அதாவது ஒரு தாளின் தடிமனில் பாதிவரைதான் ஆட்டம் இருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க் வளைகிறது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. டிஸ்க் வார்ப்பிரும்பு, தகரத் தட்டைப் போல மலை இறங்கும் சூட்டில் நெளிந்துவிடும் பொருள் அன்று. ஹப்பில் ஒட்டியிருக்கும் துரு டிஸ்க்கைச் சற்றே சாய்த்து உட்கார வைக்கிறது. ஹப்பைவிட டிஸ்க் அகலம் என்பதால், அந்தச் சாய்வு விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. அதன் பிறகு, நீங்கள் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டும் நேரத்திலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகிறது. உரசிய இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது; அந்தத் தடிமன் வேறுபாடு 0.02 மி.மீ.யை எட்டினாலே பல வண்டிகளில் காலுக்குத் தெரியும். அந்த இளைஞரின் டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்தபோது 0.03 வேறுபாடு இருந்தது. மாட்டிய அன்று வண்டி வழவழவென்று ஓடியதற்கும், இரண்டு மாதம் கழித்து ஆடியதற்கும், தன் கைவேலையை விட்டுவிட்டுக் கடைக்காரரை அவர் சந்தேகித்ததற்கும் இதுதான் காரணம். ஹப்பைத் தேய்க்காமல் இன்னும் பத்து ஜோடி வாங்கினாலும் பத்தும் இப்படித்தான் "வளையும்".

சூட்டிலும் கோளாறு வருவதுண்டு. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கிவிட்டு, பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கச் சரிவில் நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே பேரம் பேசுகிறவர்களின் டிஸ்க்கில், பேட் இருந்த இடத்தில் ஒரு தழும்பு படியும். அதையும் வளைவு என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது கியரில் இறங்குங்கள், அவ்வளவுதான். (இரவு நின்ற வண்டியின் டிஸ்க்கில் காலையில் தெரியும் மெல்லிய செந்துருவுக்காகப் பட்டறைக்கு ஓடிவர வேண்டாம். நாலு முறை பிரேக் மிதித்தால் போய்விடும்.)

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரிவில் ஜாக்கி போடாதீர்கள். உங்கள் வாசல் சரிவென்றால் சமதளம் உள்ள நண்பர் வீட்டுக்குப் போங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் போடுங்கள். காலிபரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டுங்கள். புது டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேடும் பாழ். சக்கர நட்டுகளைக் குறுக்காக, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால், உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்குங்கள். சிறிய கார்களுக்கு அது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதிக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. கீழே பக்கத்து வீட்டு ஓடு தெரியும் வாசல்களில் நிற்கும் வண்டிகளுக்காக இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

புது டிஸ்க்கும் பேடும் பழகும் முன் மேட்டுப்பாளையத்துக்கு இறங்காதீர்கள். ஊட்டிப் பக்கம் ஏறும் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். ஏற்றத்தில் பிரேக் அதிகம் சூடாகாது. மறுநாள் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். டயல் கேஜ் இல்லாதவர்கள் ஹப்பைத் தேய்த்து, மாட்டி, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் போதும், பத்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுகிறேன்.