மாங்காய் லோடும் மெஷின் எழுதிய கோடும்

சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் பெங்களூரா மாங்காய் வரும். எடைமேடையில் முதலில் மொத்த எடை, சரக்கை இறக்கிய பிறகு காலி வண்டி எடை. வித்தியாசம்தான் சரக்கு. அதில் அழுகல், அடிபட்டதற்குக் கழிவு போக மீதிக்குப் பணம்.

இந்தக் கணக்குக்கு ஓசூரில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினேன். ஃபங்ஷனுக்கு, அதாவது இந்தக் கணக்கைப் போடும் நிரல் (கோடு) துண்டுக்கு, பெயர் வைத்ததுதான் நான். அடுத்த பத்து வரியை ஏஐ கருவியே எழுதி நீட்டியது. லட்சணமாக இருந்தது. ஆனால் 2 சதவீதக் கழிவைச் சரக்கின் எடையில் போடாமல் வண்டியோடு சேர்த்த மொத்த எடையில் போட்டிருந்தது. மொத்தம் 9,200 கிலோ, காலி வண்டி 3,200 என்றால் கழிவு 120 கிலோ வர வேண்டும், வந்தது 184. கிலோ 20 ரூபாய் என்றாலும் விவசாயிக்கு 1,280 ரூபாய் போச்சு.

அதற்கு மாங்காயும் தெரியாது, லாரியும் தெரியாது. கோடிக்கணக்கான வரி கோடைப் படித்துப் பழகிய மொழி மாடல் (language model) அது. கோடைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது டோக்கன்களாகப் பிரித்து, 'இதுவரை வந்ததற்கு அடுத்து எந்தத் துண்டு வர எவ்வளவு வாய்ப்பு' என்று கணக்குப் போடும். ஒன்றை எடுத்து ஒட்டும், மறுபடி கணக்கு. முன்னால் வந்தவற்றில் எந்தத் துண்டுக்கு எவ்வளவு கவனம் கொடுப்பது என்பதை, 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. திறந்திருக்கும் ஃபைல், கர்சருக்கு மேலும் கீழும் உள்ள வரிகள் எல்லாம் அதன் கண்ணில் படும். எங்கள் கழிவு விதி எந்த ஃபைலிலும் இல்லை. ஆலைக் கணக்கரின் தலையில் இருந்தது.

2021இல் கிட்ஹப் கோபைலட் என்ற கோடு எழுதும் ஏஐ கருவி முன்னோட்டமாக வந்தபோது வரியை முடித்துக் கொடுப்பதுதான் வேலை. இப்போதைய ஏஜென்ட்கள் கோடைத் தாங்களே ஓட்டி, எரர் வந்தால் படித்து, திருத்தி மறுபடி ஓட்டுகின்றன. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இதில் சிக்கிவிடும். தப்பான விதிக்கு எரரே வராது. கோடு சரியா என்று பார்க்கும் டெஸ்டையும் அதையே எழுதச் சொன்னேன். அதே 184ஐச் சரியான விடையாக வைத்து எழுதியது. எல்லாம் பச்சை, அதாவது பாஸ்!

வேகத்திலும் ஏமாற்று உண்டு. 2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களுக்கு அவர்கள் நன்கு பழகிய திட்டங்களிலேயே 246 வேலைகள் கொடுத்துப் பார்த்தது. ஏஐ இருந்தால் 24 சதவீத நேரம் மிச்சம் என்று எதிர்பார்த்தார்கள். நடந்ததோ 19 சதவீதம் கூடுதல் நேரம். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பினார்களாம்! தட்டச்சு குறைந்தாலும், அது எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பது கூடிவிடுகிறது. பரிச்சயமே இல்லாத மொழியில் எழுத வேண்டி வந்தால் என் அனுபவம் வேறு. அங்கே இந்தக் கருவியை நான் விடமாட்டேன்.

சரி, என் தப்பைக் கண்டுபிடித்தது யார்? சோதனைக்கு அடித்த முதல் சீட்டை வாங்கிப் பார்த்த கணக்கர்தான். "கழிவு இவ்வளவு வராதே தம்பி" என்றார். விதியை அவரிடமே கேட்டு, ஃபங்ஷன் தலையில் தமிழிலேயே இரண்டு வரி கமெண்ட் (விளக்கக் குறிப்பு) போட்டேன். அடுத்த தடவை கருவி 120 என்று போட்டது.