மாசூட்டல்: ஃபெரைட்டில் சேரும் உலோகம் மாசா?

ஒரு பொருளின் குணத்தை மாற்ற வேறொரு தனிமத்தைச் சேர்க்கும் டோப்பிங் என்பதற்குத் தமிழில் மாசூட்டல் என்று எழுதிப் பழகிவிட்டோம். குறைக்கடத்திப் பாடத்தில், சிலிக்கானோடு போரானையோ பாஸ்பரசையோ சேர்ப்பதைச் சொல்ல அது போதும். பல இலட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஓர் அயல் அணு என்னும்போது, அளவிலாவது அது மாசுதான். காந்தப் பீங்கான்களான ஃபெரைட்டுகளுக்கு அதே சொல்லைக் கொண்டுவந்தால்தான் இடறுகிறது. ‘துத்தநாகம் மாசூட்டப்பட்ட நிக்கல் ஃபெரைட்’ என்று படிப்பவர், நல்ல பொருளை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாசைக் கட்டுப்படுத்தத் தனி வாரியம் வைத்திருக்கும் ஊர் நம்முடையது.

மூலச் சொல்லில் அழுக்கே கிடையாது. டச்சு மொழியில் தோய்த்து உண்ணும் குழம்புக்கு ‘டோப்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது எந்தக் கெட்டிக் குழம்பையும் குறிக்கத் தொடங்கி, மசகுப் பசை, அபின் பாகு, பந்தயக் குதிரைக்குக் கொடுக்கும் மருந்து என்று பரவியது. பழைய விமானங்களின் துணி இறக்கைகளை விறைப்பாக்கப் பூசிய மெருகெண்ணெய்க்கும் அதுவே பெயர். ஒன்றோடு சேர்ந்து அதன் குணத்தை மாற்றுவது என்பதே இத்தனைக்கும் பொது. நம் சொல்லில் மாசு ஒட்டிக்கொண்டது, இம்ப்யூரிட்டி என்ற வேறொரு சொல்லின் வழியாகத்தான் என்று தோன்றுகிறது.

ஃபெரைட் என்ற பெயர் இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எஃகுக்காரர்கள் இரும்பின் ஒரு படிக நிலையையும் ஃபெரைட் என்றே சொல்வார்கள். அதற்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். நாம் பேசுவது இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட பொருளைப் பற்றி. மடிக்கணினி மின்கம்பியின் நுனியருகே உருளையாகப் புடைத்திருக்கிறதே, அதன் உள்ளே இருப்பது இந்த ஃபெரைட்தான்.

இதைச் செய்யும் முறையே பீங்கான் என்ற சொல்லுக்கு நியாயம் சொல்லிவிடும். சிவப்பு இரும்பு ஆக்சைடு, பச்சை நிக்கல் ஆக்சைடு, வெள்ளைத் துத்தநாக ஆக்சைடு மூன்றையும் நிறுத்து, உருளும் கலத்தில் குண்டுகளோடு போட்டு நன்றாக அரைப்பார்கள். ஒருமுறை சுட்டு, மறுபடியும் அரைத்து, அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியசில் மீண்டும் சுடுவார்கள். உலையிலிருந்து வரும் வளையம் சுருங்கி, கறுத்து, கல்லென்று இருக்கும். கைதவறி விழுந்தால் உடையும், உலோகத்தைப்போல வளையாது. மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால், உயர் அதிர்வெண்ணில், கம்பிச் சுருளுக்குள் வைக்கும் இரும்பு உள்ளகத்தைச் சூடாக்கும் சுழல் மின்னோட்டங்கள் இதில் தலையெடுப்பதில்லை. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் யோகோரோ கட்டோவும் தகேஷி தகேயும் 1930இல் உருவாக்கிய இந்தப் பொருளைத் தொழிலாக்கவே 1935இல் டிடிகே நிறுவனம் பிறந்தது.

இப்போது உலோகம் சேர்க்கும் வேலைக்கு வருவோம். நிக்கல் ஃபெரைட்டில் ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே உலோக அயனிகள் உட்கார இரண்டு வகை இடங்கள்: நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி, ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி. நான்முகியில் ஓர் இரும்பு அயனி. எண்முகியில் ஓர் இரும்பும் ஒரு நிக்கலும். இரும்பு அயனியின் காந்தத் திருப்புத்திறன், அதாவது அது தனியாகத் தரும் காந்த வலு, 5 அலகு, நிக்கலுடையது 2. இரண்டு அணியும் எதிரெதிர்த் திசையில் கயிறிழுக்கின்றன: ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7. மிச்சம் 2. வெளியே நமக்குத் தெரியும் காந்தம் அவ்வளவுதான். இப்படிச் சமமற்ற எதிரெதிர் அணிகளால் வரும் காந்தத்தை 1948இல் விளக்கியவர் பிரான்சின் லூயி நீல். அவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நிக்கலின் கால் பங்கை எடுத்துவிட்டுத் துத்தநாகத்தை வையுங்கள். துத்தநாக அயனிக்குக் காந்தத் திருப்புத்திறனே இல்லை. ஆகவே காந்தம் குறையவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். துத்தநாகமோ நான்முகி இடத்தையே விரும்பும். அங்கே அது உட்கார, இடம்பெயர்ந்த இரும்பு எண்முகிப் பக்கம் போய்ச் சேர்கிறது. தோற்கும் அணியின் ஆள் வெல்லும் அணிக்குத் தாவிவிட்டார். நான்முகியில் 3.75, எண்முகியில் 7.75, மிச்சம் 4. காந்தமில்லாத உலோகத்தைச் சேர்த்ததால் காந்தம் இரட்டித்துவிட்டது! குறைந்த வெப்பநிலையில் எடுக்கும் அளவீடுகளும் இந்தக் கணக்கை ஒட்டியே வருகின்றன. துத்தநாகத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஏறக்குறைய பாதிப் பங்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். எதிரணியில் ஆளே இல்லாவிட்டால் கயிறு எப்படி இறுகும்? இதற்கு விலையும் உண்டு. துத்தநாகம் ஏற ஏற, காந்தம் கைவிட்டுப்போகும் கியூரி வெப்பநிலை சரியும்.

கோபால்ட்டின் வேலை வேறு. காந்தத்தின் திசையைப் படிகத்தோடு இறுக்கிப் பிடிப்பது அது. கோபால்ட் ஃபெரைட்டின் காந்தத்தை எளிதில் நீக்க முடியாது. நிலைக்காந்தமாகும் ஸ்ட்ரான்சியம் ஃபெரைட்டில் லாந்தனத்தையும் கோபால்ட்டையும் சேர்த்துக் காந்த நீக்குத்திறனை (காந்தத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்தின் அளவை) உயர்த்துவதும் இதே குணத்தை நம்பித்தான்.

கால் பங்கு, அரைப் பங்கு என்று ஓர் உலோகத்தின் இடத்தில் இன்னொன்று அமர்வதை மாசு என்பது எப்படிப் பொருந்தும்? அதற்குப் பதிலீடு என்பதே சரியான பெயர். ‘துத்தநாகம் பதிலிட்ட நிக்கல் ஃபெரைட்’ என்றால் நடந்தது என்னவென்று விளங்கிவிடும். சிறிதளவே சேர்க்கும் இடங்களில் மாசை உதறிவிட்டு ஊட்டலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாயம் ஊட்டுகிறோம், சத்துச் சேர்த்த அரிசியைச் செறிவூட்டப்பட்ட அரிசி என்கிறோம். அந்த வரிசையில் ‘கோபால்ட் ஊட்டிய ஃபெரைட்’ எந்த உறுத்தலும் இல்லாமல் வந்து உட்காரும். பொதுப்பெயர் வேண்டுமென்றால் உலோகமூட்டல். குறைக்கடத்திக்காரர்கள் மாசூட்டலை வைத்துக்கொள்ளட்டும்; வேரூன்றிய சொல்லைப் பிடுங்கத் தேவையில்லை.

ஃபெரைட் ஆலைக்கு மாசு என்ற சொல் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. மலிவான இரும்பு ஆக்சைடில் வேண்டாத விருந்தாளியாகச் சிலிக்கா வரும். மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டில் அது அளவு மீறினால், சுடும்போது பொருளுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளில் சில மட்டும் பூதாகரமாக வளர்ந்து பொருள் வீணாகும். அதே சிலிக்காவைக் கால்சியம் ஆக்சைடோடு மிகச் சிறிதளவு வேண்டுமென்றே சேர்த்தால், மணிகளின் விளிம்புகளில் தங்கி மின்தடையை உயர்த்தி, ஆற்றல் இழப்பைக் குறைக்கும். முன்னது மாசு, பின்னது ஊட்டல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஆலைக் குறிப்பைப் படிக்கும் ஆள் சிலிக்காவைச் சேர்ப்பதா நீக்குவதா என்று தெரியாமல்தான் நிற்பார்.